கூலி எவ்வளவு என்று சொல்லும் படங்கள்: சேலம், ஏற்காடு திரையிடலுக்கு எது தேறும்?

பிழைப்புத் தேடி வந்தவர்களைப் பற்றிய படம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் நடிப்பு, ஒளிப்பதிவு எல்லாம் அப்புறம். முதலில் மூன்று கேள்விகள். அந்த ஆளுக்குக் கூலி எவ்வளவு? பிடித்தம் யாருக்குப் போகிறது? அவனுடைய காகிதங்கள் யார் பெட்டியில் இருக்கின்றன? மூன்றுக்கும் படத்துக்குள் விடை இருந்தால் எடுத்தவருக்குக் களம் தெரியும். விடை இல்லாமல் வயலின் மட்டும் கேட்டால் எடுத்தவர் நல்ல மனசுக்காரர், அவ்வளவுதான்.

சேலத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பார்வையாளர்களுக்குக் குறைவில்லை. கட்டட வேலை, நூல் மில், சேகோ ஆலை, ஹோட்டல் சமையலறை என்று எங்கே பார்த்தாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாக்காரர்கள். கல்வராயன், சவ்வாது மலைப்பக்கத்துக்காரர்களோ கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே பேருந்து நிலையத்தில்தான் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்ப வேண்டிவந்தது. அதே பொய்யைப் பார்த்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறியவர்களும், ஏறாமல் இருந்தவர்களும் இருக்கிற ஊரில், 'வடக்கன்' என்றால் திருடன் அல்லது கோமாளி என்று காட்டும் படங்கள் ஏற்கெனவே வேண்டிய அளவு ஓடிவிட்டன.

கீழே உள்ளவை, நகரத்தில் ஒரு கூடத்திலோ ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னாலுள்ள களத்திலோ போட்டுக் காட்டி, பிறகு பேசவும் ஏற்ற படங்களா என்கிற கோணத்தில் எழுதப்பட்ட மதிப்பீடு. வீட்டில் தனியாகப் பார்க்கிறவருக்கு அளவுகோல் வேறாக இருக்கலாம்.

முதல் இடம் 'லா ப்ராமெஸ்' படத்துக்கு. பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் 1996-இல் எடுத்தது, ஒன்றரை மணி நேரம். ஊர், செரேங். உருக்காலையால் வளர்ந்து, ஆலை ஓய்ந்ததால் தேய்ந்த ஊர். ரோஜர் என்பவன் வெளிநாட்டுக் கூலிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து, தன் கட்டடத்திலேயே தங்கவைத்து, தன் வீட்டு வேலையையே செய்யவைக்கிறான். பதினைந்து வயது மகன் இகோர்தான் அப்பாவுக்கு வசூல் பிள்ளை. இங்கே கான்ட்ராக்டர் மகன் ஸ்கூட்டரில் வந்து ஆள் கணக்கு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இகோரை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை.

இந்தப் படத்தின் பலம், சுரண்டலை ஒரு குணமாகக் காட்டாமல் ஒரு கணக்காகக் காட்டுவது. அறைக்கு வாடகை, கேஸுக்குத் தனி, போலிக் காகிதத்துக்குத் தனி. கொடுக்கிற கையும் வாங்கிக்கொள்கிற கையும் ஒன்றே. வேலை தருகிறவனே வீட்டுக்காரனாகவும் இருந்துவிட்டால், சம்பளம் கேட்டுச் சண்டை போட்ட அன்றே தெருவில் நிற்க வேண்டும் என்பதை எந்த வசனமும் இல்லாமல் புரியவைக்கிறார்கள்.

விபத்துக் காட்சியை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று சத்தம். பதிவில் இல்லாதவர்கள் எல்லாம் ஓடி ஒளிய வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் புர்கினா ஃபாசோவிலிருந்து வந்த ஹமிது சாரத்திலிருந்து விழுகிறான். சாரம் பலவீனம் என்றோ குடித்திருந்தான் என்றோ காரணம் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்ற வந்த சட்டமே அவனை ஓடவைக்கிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் எல்லாம் வெளியே வரும் என்று ரோஜர் தடுப்பதும் அதே கணக்கின் அடுத்த வரி. தன் மனைவியையும் குழந்தையையும் பார்த்துக்கொள் என்று ஹமிது கேட்டு வாங்குகிற வாக்குதான் படத்தின் பெயர்.

இன்னொன்று, ஹமிது உத்தமன் அல்ல. சூதாட்டக் கடன் உள்ளவன். மனைவி அசிதா பார்வையாளரின் இரக்கத்துக்காகக் காத்திருப்பவளும் அல்ல. கோழியை அறுத்துக் குடலில் குறி பார்க்கிறாள், யாரையும் எளிதில் நம்ப மாட்டாள், உதவி செய்ய வருகிறவன் மேலேயே சீறி விழுவாள். ஒடுக்கப்பட்டவரைக் காட்டும்போது தமிழ்ப் படங்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அடி வாங்குகிறவன் முழுக்க நல்லவனாக இருந்தால்தான் நமக்குக் கோபம் வரும் என்று இயக்குநர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியானால் சீட்டாடுகிறவனை அடிக்கலாமா என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

குறை என்று சொன்னால், கேமரா. தோளில் வைத்து, நடிகரின் பிடரிக்குப் பின்னாலேயே ஓடுவது இவர்கள் பாணி. பெரிய திரையில் முன்வரிசைக்காரர்களுக்குத் தலை சுற்றும். திரையின் அகலம் 8 அடி என்றால் முதல் வரிசையை 12 அடிக்கு அப்பால் போட வேண்டும். உணர்ச்சியைத் தூக்கிக் கொடுக்கும் பின்னணி இசையும் கிடையாது. அதனால் மின்விசிறிச் சத்தத்தில் பாதி ஒலி போய்விடும். கூடத்தில் விசிறிகளை நடுத்தர வேகத்துக்குக் குறைத்து, ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் காதுமட்ட உயரத்தில் வைத்தால் தப்பிக்கலாம்.

அடுத்தது 'விசாரணை'. வெற்றிமாறன் இயக்கி, 2015-இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் வெளியானது. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் காவலில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவல்தான் மூலம். பிழைக்க வந்த தமிழன் பாண்டிக்கு ஆந்திரத்துக் குண்டூரில் மளிகைக் கடை வேலை, கூட்டாளிகளோடு பூங்காவில் படுக்கை. வாடகை கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிறவன் எந்த ஊரிலும் இப்படித்தான் படுப்பான். மேல்விலாசம் இல்லாதவன்தான் சந்தேக கேஸுக்கு வசதி என்பதை அந்த ஒரு விவரமே சொல்லிவிடுகிறது.

மொழிதான் இங்கே முதல் அடி. போலீஸ் தெலுங்கில் கேட்கிறது, இவர்களுக்கு அரையும் குறையுமாகப் புரிகிறது, பதில் சொல்வதற்குள் லத்தி இறங்கிவிடுகிறது. நீதிமன்றத்தில் தமிழ் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரி தற்செயலாக வந்து மொழிபெயர்த்த பிறகுதான் நடுவருக்கு விஷயமே போய்ச் சேருகிறது. மொழிபெயர்க்க ஆள் இல்லாத அன்றைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவைக்கிற காட்சி. சேலத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு அந்த வசனங்கள் புரிந்துவிடும், பயம் குறையும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி சப்டைட்டிலோடு போடும்போது வேறு சங்கடம். தெலுங்கையும் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டால், பாண்டிக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். சப்டைட்டில் கோப்பைத் திருத்த முடிந்தால், காவல் நிலையக் காட்சிகளில் தெலுங்கு வரிகளை மட்டும் நீக்கிவிட்டுப் போடுவது உத்தமம். படம் கேட்கிற அனுபவம் அதுதான்.

இரண்டாம் பாதி சென்னைக்கு வந்து, பெரிய இடத்துப் பணம், கட்சி, அதிகாரிகள் என்று விரிகிறது. நாவலில் இல்லாத பகுதி. திரைக்கதையாக இறுக்கமானதுதான். ஆனால் அங்கே வந்ததும் நம்முடைய மூன்று கேள்விகளும் காணாமல் போகின்றன. தொழிலாளர்கள் சாட்சிகளாகச் சுருங்கி, சமுத்திரக்கனி நடித்த அதிகாரியின் மனசாட்சிதான் கதையாகிறது. இருந்தும் வடமாநிலத்தவர் முன்னால் இதைப் போடும்போது படம் இன்னொரு பக்கம் திரும்புகிறது. 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தின் பேரில் ஐந்து வடமாநிலத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆந்திரத்தில் தமிழன் பட்டதைப் பார்த்துக் கொதிக்கிறவர், இங்கே ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கியிருப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற கேள்வி பேச்சில் தானாகவே எழும். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுடப்பட்ட 20 பேரையும் யாராவது நினைவுபடுத்துவார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஏற்காட்டில் போடுவதானால் இந்தப் பேச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். குழந்தைகளை உட்காரவைக்கக் கூடாது. சித்திரவதைக் காட்சிகள் நீளமானவை.

மலைக்குப் பொருத்தமானது 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). லெனின் பாரதி இயக்கம், தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. தேனியிலிருந்து கேரள எல்லை ஏறும் ஏலக்காய்ச் சுமைகூலிகளின் கதை. ரங்கசாமி மூட்டை சுமந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு துண்டு நிலம் வாங்கப் பார்க்கிறான். ஏலக்காய் மூட்டை சரிந்து மலைச்சரிவில் சிதறும் காட்சியில், கூடத்தில் உள்ள எல்லோரும் ஒன்றாக 'ஐயோ' என்பார்கள். சிதறுவது காய் மட்டுமில்லை, நிலத்துக்கான பணம் என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருக்கும். நடிகர்களில் பலர் அந்தப் பகுதி ஆட்கள், அதனால் சுமையைத் தூக்கும்போது முழங்கால் எப்படி மடியவேண்டுமோ அப்படி மடிகிறது. மிளகும் காப்பியும் தலைச்சுமையாக இறக்கிப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். சும்மாடு சரியாக இல்லையென்றால் படத்தையே நம்ப மாட்டார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தக் கதைக்கு நீட்சி உண்டு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி இங்கே வந்தது. தோட்டம் வந்த பிறகு, மலையாளி எனப்படும் இந்த மலைப் பழங்குடிகள் சொந்த மலையிலேயே கூலி ஆனவர்கள். ஊரை விட்டுப் போகாமலேயே அந்நியராவது எப்படி என்று காட்டுவதில் இந்தப் படத்தை மிஞ்ச ஆளில்லை. கடைசியில் தான் இழந்த நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கே காவலாளியாக உட்காருகிறான் ரங்கசாமி. நடுவில் தொழிற்சங்க அரசியல் வருகிற பகுதி மட்டும் கொஞ்சம் அவசரம், யார் யாரை ஏமாற்றினார் என்று இரண்டாவது தடவை பார்த்தால்தான் பிடிபடும்.

இதே தோட்ட வாழ்க்கையைச் சொன்ன 'பரதேசி' (2013) பற்றி நீளமாக எழுத ஆசை இல்லை. பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவல் அதற்குத் தூண்டுதல். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது, வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது கையில் எதுவும் மிஞ்சாமல் போவது, இந்த இரண்டும் பாடப் புத்தகத்தில் வைக்கத் தகுந்தவை. ஆனால் தோட்டத்துக்கு வருகிற கிறிஸ்தவ மருத்துவரை மதம் மாற்றும் கேலிச்சித்திரமாக்கி ஆடவிட்டது பெரிய அநியாயம். நாவலை எழுதிய டேனியலே தோட்டத்தில் மருத்துவராக இருந்து, தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர்.

'ஜெய் பீம்' (2021) எல்லோரும் பார்த்தது. சிறை வாசலில் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தும் முதல் காட்சிக்கு நூறு மதிப்பெண். அப்புறம் படம் வழக்கறிஞருடையதாகிவிடுகிறது. செங்கேணி அவர் பின்னால் நடக்கிறாள். 'தீரன் அதிகாரம் ஒன்று' (2017) துப்பறியும் படமாகக் கெட்டி. ஆனால் ஒரு வடமாநிலச் சமூகத்தையே கொள்ளைக்காரப் பரம்பரையாகக் காட்டுவது 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பார்வைதான். வடமாநிலத்தவர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் அதைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

'தீபன்' (2015) தமிழர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிய முக்கால் படம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார், நாயகனாக எழுத்தாளர் ஷோபாசக்தி. கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்றது. ஒருவரையொருவர் தெரியாத மூன்று இலங்கைத் தமிழர்கள், செத்துப்போன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் அப்பா, அம்மா, மகள் ஆகி பிரான்சுக்குப் போகிறார்கள். தஞ்சக் கோரிக்கை விசாரணையில், மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கும் தமிழரே, இந்தக் கதை எடுபடாது என்று தமிழில் சொல்கிற இடம் ஒன்று போதும். துன்பப்பட்டது மட்டும் போதாது, அலுவலகத்துக்குப் பிடித்த மாதிரி அதைச் சொல்லவும் தெரிய வேண்டும். சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. 2021 வரை அரசே அவற்றை அகதிகள் முகாம் என்றுதான் அழைத்தது. அங்கே போடுவதானால், கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. துடைப்பமும் வாளியுமாகக் கட்டடத்தைப் பராமரிக்கிறவனின் கையில் மறுபடி ஆயுதத்தைக் கொடுத்து, புகைக்குள் படி ஏறவைத்துப் படத்தை ஆக்‌ஷனாக்கிவிடுகிறார்கள். முன்னாள் போராளி என்றால் உள்ளே புலி தூங்குகிறது என்கிற ஐரோப்பியக் கற்பனைதான் அது.

கென் லோச்சின் 'தி ஓல்ட் ஓக்' (2023) வேறு ரகம். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதி, நிலக்கரிச் சுரங்கம் மூடிய கிராமம், 2016-இல் சிரிய அகதிகள் வந்து இறங்குகிறார்கள். எதிர்க்கிற உள்ளூர்க்காரர்களை வில்லன்களாக்காமல், எங்கேயோ இருக்கும் கம்பெனிகள் வீடுகளை மலிவாக ஏலத்தில் எடுத்ததால் தங்கள் வீட்டு மதிப்பு சரிந்த கோபத்தையும் சேர்த்துக் காட்டுவது நேர்மை. 1984-85 வேலைநிறுத்தத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிட்ட படங்கள் மாட்டியிருக்கும், ஓல்ட் ஓக் என்ற மதுக்கடையின் பின்னறையைத் திறந்து, மறுபடி சமைக்கிறார்கள். ஆனால் யாரா என்ற சிரியப் பெண் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள், படம் எடுக்கிறாள், எல்லோரையும் புரிந்துகொள்கிறாள். அவளுடைய குடும்பம் செலவுக்கு என்ன செய்கிறது என்பது மங்கல். முடிவில் ஊரே மனம் மாறி வாசலுக்கு வருவதும் கொஞ்சம் சர்க்கரை தூக்கல். பேச்சு சூடாகிப்போன கூட்டத்தை அடுத்த மாதம் ஆற்ற நல்ல படம். டர்ஹாம் உச்சரிப்பு ஆங்கிலம் தெரிந்தவருக்கே புரியாது, சப்டைட்டில் இல்லாமல் போட வேண்டாம்.

இனி செய்முறை. தமிழ் சப்டைட்டிலில்தான் திரையிடல்கள் அதிகம் கெடுகின்றன. பென் டிரைவை நேராக புரொஜெக்டரில் செருகினால், பல மாடல்களின் உள்ளமைந்த பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'கொ' என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும், இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். இந்திக்கும் இதே கதி. லேப்டாப்பில் விஎல்சி பிளேயர் வைத்து, சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்து, எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுத்து, எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தால் சரியாகும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழில் வரிக்கு 30, 35 எழுத்துக்கு மேல் போனால் எழுத்துக்கூட்டிப் படிப்பவர் பின்தங்கிவிடுவார்.

ஐரோப்பியப் படங்களின் பழைய டிவிடி நொடிக்கு 25 பிரேம், ப்ளூரே பெரும்பாலும் 24-க்குச் சற்றுக் குறைவு. ஒன்றுக்குச் செய்த சப்டைட்டிலை மற்றதில் போட்டால் தொடக்கத்தில் சரியாகத் தெரியும், போகப் போக விலகும், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிட இடைவெளி விழும். அழுகிறவள் வாயில் அடுத்த காட்சியின் வசனம் வரும். விஎல்சியில் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளுவதால் இது தீராது. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் விகிதத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும். முந்தின நாளே கோப்பைத் திறந்து முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஏற்காட்டில் எதிரி மூடுபனி. புரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவில் பனி புகுந்தால் ஒளி வழியிலேயே சிதறி, கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். 8 அடி அகலத் திரைக்குச் சாதாரண புரொஜெக்டர் 12 அடி தள்ளி நிற்க வேண்டும், ஷார்ட் த்ரோ வகை 4 அடியிலேயே அதே அளவு தரும். வாடகைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டு வாங்குவது நல்லது. இருட்டிய பிறகு இந்த அளவுக்கு 3000 லூமன் வெளிச்சம் தாராளம். விளக்கு வகை புரொஜெக்டர் என்றால் மின்சாரம் போனதும் விசிறி நின்று, சூட்டில் விளக்கு வெடிக்கும் ஆபத்து உண்டு. 1 கேவிஏ யுபிஎஸ் ஒன்றை இடையில் வைத்தால், அணைத்து ஆறவைக்க நேரம் கிடைக்கும். ஜெனரேட்டர் என்றால் கட்டடத்துக்குப் பின்பக்கம்தான், சத்தம் மட்டுமல்ல, புகையும் பனியோடு சேர்ந்து தரையிலேயே நிற்கும். காப்பிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை ஆட்கள் களைத்திருப்பார்கள், ஏழு மணிக்குமேல் இரண்டு மணி நேரப் படம் போடுவதில் பயனில்லை.

நகரத்தில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு காலை 10 மணி தோது. மாலையானால் வாரச் சாமான் வாங்கவும் ஊருக்கு போன் பேசவும் கிளம்பிவிடுவார்கள். அழைப்பை கான்ட்ராக்டர் மூலம் கொடுக்கக் கூடாது. அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டால், படம் முடிந்த பிறகு கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்க்க மட்டும். பொதுவில் போட, கட்டணம் வாங்காவிட்டாலும் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தமிழ்ப் படங்களுக்குத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். வெளிநாட்டுப் படங்களுக்கு விநியோக உரிமையோடு தணிக்கைச் சான்றிதழ் சிக்கலும் சேர்ந்துகொள்வதால், பதிவு பெற்ற திரைப்படச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து நடத்துவது சுலபம். வரிசை என்று கேட்டால், மலையில் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில் தொடங்கலாம், நகரத்தில் 'லா ப்ராமெஸ்'. 'விசாரணை'யை இரண்டு இடத்திலும் மூன்றாவதாக வைக்க வேண்டும், அதற்குள் கூட்டத்தில் இருப்பவர்கள் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.